பெரிய ரைடு ஏன் இரண்டு மூன்றோடு நின்றுவிடுகிறது?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் காசு சேர்த்து சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க் போனோம். தலைகீழாகச் சுற்றும் ரைடு இரண்டு மூன்றுதான். மீதியெல்லாம் குழந்தைகளுக்கும் தண்ணீர் விளையாட்டுக்கும். எங்களை ஏன் ஒதுக்குகிறார்கள்? அடுத்த முறை எப்படிப் போகலாம்? - கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: தம்பி, யாரும் உங்களை ஒதுக்கவில்லை. நீங்கள் எட்டுப் பேரும் ஒரே ரைடில் ஆறு முறை ஏறுவீர்கள், வாங்குவது தண்ணீர் பாட்டில். ஒரு குடும்பம் வந்தால் பாட்டி எதிலும் ஏறமாட்டார், அவருக்கும் டிக்கெட் உண்டு. அப்புறம் நைலான் உடை, லாக்கர், மதியச் சாப்பாடு, ஈரத்தலையோடு ஒரு போட்டோ. போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவு செய்வதே கடைக்குட்டிதான். அவன் ஏற ஒன்றும் இல்லையென்றால் மொத்தக் குடும்பமும் வராது. மகள்கள் குடைராட்டினம் சுற்ற, தான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியவர்களும் சேர்ந்து ஆட ஓரிடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தது.

பெரிய ரைடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உதிரி பாகமும் அப்படியே. இதில் அரசு வேறு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சூதாட்ட விடுதிக்குப் போட்ட அதே 28 சதவீதத்தைக் குழந்தைகள் ஆடும் இடத்துக்கும் போட்டார்கள். 18 ஆகக் குறைக்க 2018 ஜனவரி வரை ஆனது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2025 டிசம்பரில் திறந்த சென்னை வொண்டர்லா பார்க்கில் 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டர் இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில் தொங்கும். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபில்லார்ட் நிறுவனத் தயாரிப்பு. இவ்வளவு செலவு ஏன் என்றால், போஸ்டரில் போட அது வேண்டும். பள்ளி நடக்கும் வாரநாளில் குடும்பம் வராது, அன்று பார்க்கை நிரப்ப உங்களைப் போன்றவர்கள் வேண்டும். ஏறப் பயப்படும் அப்பாவும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார். எனவே நீங்கள் செவ்வாய், புதன் பாருங்கள், கல்லூரி அடையாள அட்டையை எடுத்துப் போங்கள்.

தரகர்களிடம் மட்டும் சிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் 'குரூப் டிக்கெட் பாதி விலை' என்று வரும். ஒரே பார்கோடைப் பத்துப் பேருக்கு விற்பார்கள். முதலில் போனவனுக்குத்தான் கதவு திறக்கும். வயதைச் சொல்லிச் சிறுவர் டிக்கெட் விற்பான் இன்னொருவன். வாசலில் அளப்பது உயரத்தை. அம்மாக்கள் அங்கே கண்கலங்கி நிற்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பார்க்கின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். அதற்கு முன் போன் போட்டு, அன்று பெரிய ரைடு ஓடுகிறதா, பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தரகர் அதை ஒருநாளும் சொல்லமாட்டார்.