15 ஜிபி நிரம்பிவிட்டது, போட்டோக்களை எங்கே வைப்பது?

கேள்வி: வீட்டில் நான்கு பேர், நான்கு போன். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் என் போனில்தான். கூகுளில் இடம் தீர்ந்துவிட்டது, இனி மெயில்கூட வராது என்று தினமும் எச்சரிக்கை வருகிறது. குறைந்த செலவில் எந்த கிளவுட் (இணையத்தில் சேமித்து வைக்கும் இடம்) வாங்கலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: காசு கட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி போட்டோக்களுக்கு மட்டுமானதல்ல, ஜிமெயில், டிரைவ், ஆண்ட்ராய்டு போன் என்றால் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இடத்தைத் தின்பது பெரும்பாலும் படங்கள் அல்ல, வீடியோக்கள். குடும்ப குரூப்பில் வந்த கல்யாண வீடியோ, காலை வணக்கம் பூங்கொத்து எல்லாமே பேக்கப் ஆகிக்கொண்டிருக்கும். கூகுள் போட்டோஸ் ஆப்பின் செட்டிங்கில் வாட்ஸ்அப் ஃபோல்டரின் பேக்கப்பை நிறுத்துங்கள், பெரிய வீடியோக்களைத் தேடி வேண்டாததை நீக்குங்கள். 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்துக்கு மாறினால் இனி ஏறும் படங்கள் 16 மெகாபிக்சலுக்குள் சுருங்கும், வீட்டு ஆல்பத்துக்குப் பிரிண்ட் போட அது தாராளம்.

அதன் பிறகும் போதவில்லையா, சரி, 100 ஜிபி திட்டத்தை எடுங்கள். கூகுள் ஒன் என்ற கட்டணச் சேவையில் மாதம் 130 ரூபாய், வருஷமாகக் கட்டினால் 1,300. சலுகையும் விலையும் மாறும், கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் இன்னும் ஐந்து பேரைக் குடும்பமாகச் சேர்க்கலாம் என்பதால் நான்கு போனுக்கும் ஒரே சந்தா போதும். பகிர்வது இடத்தை மட்டும்தான், உங்கள் படங்களைப் பையனோ, அவன் படங்களை நீங்களோ பார்க்க முடியாது. மைக்ரோசாப்ட் 365 குடும்பத் திட்டத்தில் ஆறு பேருக்கும் ஆளுக்கு 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) கிடைக்கும், ஆனால் விலை அதிகம். வேர்டு, எக்செல் தேவைப்படுகிற வீட்டுக்குத்தான் கட்டுப்படியாகும். ஐகிளவுட் இலவசமாகத் தருவது வெறும் 5 ஜிபி, வீட்டில் எல்லாரும் ஐபோன் வைத்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். கிளவுடில் ஏறிவிட்டதே என்று போட்டோஸ் ஆப்பைத் திறந்து படத்தை டெலிட் செய்தால், போனிலும் போகும், கிளவுடிலும் போகும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அப்புறம் கிடைக்காது. போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே அந்த ஆப்பில் உள்ள வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். கிளவுடை மட்டும் நம்பாமல் ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, தீபாவளிக்கு ஒரு தடவை பொங்கலுக்கு ஒரு தடவை என்று கூகுள் டேக்அவுட் (கூகுளில் உள்ளதை மொத்தமாக டவுன்லோடு செய்யும் வசதி) வழியாக இறக்கி வையுங்கள், சந்தா கட்ட மறந்தாலும் பயமில்லை.

அப்புறம், பெரியவர்கள் பெயரில் பழைய ஜிமெயில் ஏதாவது இருந்து அதில் படங்கள் இருந்தால், இந்த வாரமே ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம்.