பீரங்கிக்கு மட்டும் வரம்பில்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2025 மார்ச்சில் ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தையே திருத்தி, ராணுவச் செலவுக்குக் கடன் வரம்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. கிரீஸ் கடனில் தத்தளித்தபோது ஓய்வூதியத்தை வெட்டு என்று உபதேசம் செய்த நாடு இது. பள்ளிக்கும் பாலத்துக்கும் இல்லாத பணம் பீரங்கிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? இரட்டை வேடம்தானே? எல்லாம் ஆயுதக் கம்பெனிகளின் வேலை என்றே நினைக்கிறேன்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

இரட்டை வேடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் இடம் வேறு.

பாலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதே திருத்தத்தில், 12 ஆண்டுகளில் உள்கட்டமைப்புக்குச் செலவிட 50,000 கோடி யூரோ கடன் வாங்கவும் வழி செய்தார்கள். தேவையும் இருந்தது. 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தில் ஒரு பகுதி எல்பே ஆற்றில் சரிந்தது. சற்று முன்புதான் ஒரு டிராம் அதைக் கடந்து போயிருந்தது. கிழக்கு ஜெர்மனிக் காலத்துப் பாலம். கான்கிரீட்டுக்குள் இருந்த எஃகு அரித்துப்போயிருந்தது. மேற்கிலும் கதை வேறில்லை. லூடன்ஷைட் அருகே ஏ45 நெடுஞ்சாலைப் பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள், 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நடுவில் லாரிகளெல்லாம் ஊருக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தன.

கடன் வரம்பு 2009இல் அரசியல் சட்டத்தில் ஏறியது. மத்திய அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை (பொருளாதார ஏற்ற இறக்கத்தின் பாதிப்பைக் கழித்துப் பார்க்கும் பற்றாக்குறை) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கொரோனாவுக்கு ஒதுக்கிச் செலவாகாத 6,000 கோடி யூரோ கடன் அனுமதியை அப்போதைய பிரதமர் ஷோல்ஸின் கூட்டணி அரசு பருவநிலை நிதிக்கு மாற்றியது. மெர்ஸ் தலைமையிலான எதிர்க்கட்சியினர் வழக்குப் போட்டார்கள்; 2023 நவம்பரில் கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை அடைப்பது எப்படி என்ற சண்டை முற்றி, ஒரு வருடத்தில் நிதியமைச்சர் லிண்ட்னர் நீக்கப்பட்டார், கூட்டணியும் உடைந்தது. மெர்ஸ் கட்சியின் தேர்தல் அறிக்கையோ கடன் வரம்பைக் கைவிட மாட்டோம் என்றது. 2025 பிப்ரவரி 23 தேர்தலில் முதலிடம் வந்தவுடன் அதே மெர்ஸ்தான் விலக்குக் கேட்டார். திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். புதிய அவையில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியும் இடதுசாரிக் கட்சியும் சேர்ந்தால் தடுக்க முடியும். அதனால் கலையப்போகும் பழைய அவையையே கூட்டி, மார்ச் 18 அன்று நிறைவேற்றினார்கள். சட்டப்படி சரிதான், வாக்களித்துவிட்டு வந்தவனுக்குத்தான் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

ஆயுதக் கம்பெனிகள் லாபம் பார்க்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், வாஷிங்டனை இனி நம்பலாமா என்ற பயமும் இல்லாமல் எந்தக் கம்பெனியாலும் இதைச் சாதித்திருக்க முடியாது. ராணுவத்துக்குச் செலவு செய்வதை நான் எதிர்க்கவில்லை. உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேல் போகும் பாதுகாப்புச் செலவு முழுவதற்கும் விலக்கு, அதற்கு உச்சவரம்பே கிடையாது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உளவுத்துறை, இணையப் பாதுகாப்பு, உக்ரைனுக்கான உதவி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். எதை எடுத்தாலும் பாதுகாப்பு என்று பெயர் சூட்ட ஆசை வராதா?

அப்புறம் கிரீஸ். பணம் உள்ளவனுக்கு ஒரு நீதி, கடனில் தத்தளிப்பவனுக்கு ஒரு நீதி என்ற அந்தக் கதை இப்போதும் தொடர்கிறது. அங்கேதான் உங்கள் கோபத்துக்குச் சரியான இலக்கு இருக்கிறது. 2035க்குள் உற்பத்தியில் ராணுவத்துக்கு 3.5 சதவீதம், அது சார்ந்தவற்றுக்கு 1.5 என்று நேட்டோ ஹேக் நகரில் முடிவெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பு நாடுகளின் பட்ஜெட் பற்றாக்குறைக்கு வைத்த விதியைத் தளர்த்தி, ராணுவத்துக்காக ஆண்டுக்கு 1.5 சதவீதம் வரை கூடுதலாகச் செலவிடலாம் என்றது. ஜெர்மனியின் கடன் உற்பத்தியில் அறுபது சொச்சம் சதவீதம். அதற்கு இது கைக்கு எட்டும் சலுகை. பிரான்ஸின் கடன் 110 சதவீதத்துக்கும் இத்தாலியின் கடன் 130க்கும் மேல். விதியைத் தளர்த்தினாலும் கடன் கொடுப்பவர்கள் வட்டியை ஏற்றிவிடுவார்கள். ஆகவே யாரிடம் எத்தனை டாங்கி இருக்கும் என்பதை எல்லையில் உள்ள ஆபத்தைவிட வங்கிக்கணக்குதான் தீர்மானிக்கும். எல்லோரும் சேர்ந்து கடன் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் இது தீரும். கொரோனாவின்போது 75,000 கோடி யூரோவுக்கு அப்படி ஒரு ஏற்பாடு நடந்தது. ராணுவத்துக்கு அதே மாதிரி செய்யலாமே என்று கேட்டால் முடியாது என்பவர்களில் முன்வரிசையில் நிற்பது பெர்லின்தான்.