வயிற்றுக் கதையும் வட்டிக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமக் குடியரசின் தொடக்க காலம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கி.மு. 494-இல் சாமானியர்களான பிளீபியன்கள், மேட்டுக்குடிப் பாட்ரீசியன்களோடு முறைத்துக்கொண்டு ஊரை விட்டே வெளியேறிப் புனித மலையில் போய் உட்கார்ந்தார்கள். மெனெனியஸ் அக்ரிப்பா என்பவர் போய் ஒரு கதை சொன்னார். வயிறு சும்மா இருந்து தின்கிறதே என்று கையும் வாயும் பல்லும் வேலையை நிறுத்த, கடைசியில் மொத்த உடம்பும் வாடிப்போன கதை. கேட்டவர்கள் மனம் மாறித் திரும்பிவிட்டார்கள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் வர்க்கச் சண்டை தீர்ந்தது. அப்படி இரு தரப்புக்கும் எடுத்துச் சொல்ல ஒரு தலைவர் இல்லாததுதான் இன்றைய குறை என்று நினைக்கிறேன். ஒற்றுமைதானே ரோம் தரும் அரசியல் பாடம்?

ஒரு வாசகர்,
திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கதை நல்ல கதைதான். வயிற்றோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஔவை புலம்பியதை அந்த மலையில் யாராவது எடுத்துவிட்டிருந்தால் மெனெனியஸ் பாடு திண்டாட்டமாகியிருக்கும். ஆனால் அவர்களை மலையிறக்கியது கதை அல்ல. கதைக்குப் பிறகு பேரம் நடந்தது. அதில் கைக்கு வந்ததை வைத்துத்தான் திரும்பினார்கள்.

அதற்கு முன் அவர்கள் ஏன் போனார்கள் என்று பார்க்க வேண்டும். வரலாற்றாசிரியர் லிவி ஒரு கிழவரைக் காட்டுகிறார். அழுக்குத் துணி, வெளிறிய முகம், சடையாகத் தொங்கும் தாடி. சந்தைச் சதுக்கத்தில் வந்து நிற்கிறார். ஒருகாலத்தில் படைப்பிரிவை நடத்தியவர் என்று சிலருக்கு அடையாளம் தெரிகிறது. அண்டை இனத்தாரான சபைன்களோடு நடந்த போரில் இவர் களத்தில் நின்றபோது இவருடைய பயிர் அழிந்தது, வீடு எரிந்தது, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து வரி வந்தது. கடன் வாங்கினார். வட்டி குட்டி போட்டு, பாட்டன் நிலம் போய், மிச்சச் சொத்தும் போய், கடைசியில் கடன் கொடுத்தவன் ஆளையே இழுத்துக்கொண்டு போனான். மார்பில் போர்க் காயங்கள், முதுகில் புதிய சாட்டை வரிகள். இரண்டையும் ஜனங்களுக்குக் காட்டுகிறார்.

லிவி இதை எழுதியது நானூறு ஆண்டுகளுக்கும் அதிகமான காலம் கழித்து, அகஸ்டஸ் காலத்தில். கிழவரின் பேச்சு லிவி எழுதிக் கொடுத்ததாகவே இருக்கட்டும். கடனுக்கு உடம்பைப் பிணை வைக்கும் முறை மட்டும் கற்பனை இல்லை. கி.மு. 450 வாக்கில் வந்த பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே இதற்கு விதிகள் உண்டு. தீர்ப்பான கடனைக் கட்ட 30 நாள் தவணை. கட்டாவிட்டால் 15 பவுண்டு சங்கிலி, சாப்பாட்டுக்கு வழியில்லாதவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம். 60 நாள் அப்படிக் கிடக்க வேண்டும். அதற்குள் அடுத்தடுத்து மூன்று சந்தை நாட்களில் ஆளைக் கூட்டிவந்து, இவன் இவ்வளவு பாக்கி என்று ஊரறியச் சொல்ல வேண்டும். யாரும் மீட்க வராவிட்டால் டைபர் நதிக்கு அக்கரையில் விற்றுவிடலாம். சாப்பாட்டு அளவு வரைக்கும் எழுதி வைத்த நியாயம்!

சரி, மலையேறுவதற்கு முந்தைய ஆண்டான 495-க்கு வருவோம். எதிரி படை வருகிறது என்று செய்தி வந்தபோது சாமானியர்கள் பட்டாளத்தில் சேர மறுத்தார்கள். ஆண்டுக்கு இருவராக ஆட்சி நடத்தும் கான்சல்களில் ஒருவரான செர்விலியஸ், படையில் சேர விரும்பும் குடிமகனை யாரும் கட்டி வைக்கக் கூடாது, களத்தில் இருப்பவன் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று அறிவித்தார். போனார்கள், ஜெயித்தார்கள். திரும்பி வந்ததும் இன்னொரு கான்சலான அப்பியஸ் கிளாடியஸ் பழையபடி கடன் கொடுத்தவர்களிடமே ஆட்களைப் பிடித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு, நெருக்கடிக்காகக் கொஞ்ச காலத்துக்கு முழு அதிகாரம் கொடுத்துச் சர்வாதிகாரியாக நியமிக்கப்பட்ட மானியஸ் வலேரியஸ் அதே வாக்கைக் கொடுத்தார். மறுபடியும் போனார்கள், ஜெயித்தார்கள். மேட்டுக்குடியினரின் ஆலோசனைச் சபையான செனட் அவர் பேச்சை ஏற்கவில்லை. மனிதர் பதவியைத் தூக்கிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அப்புறம்தான் மலை. ரோமிலிருந்து மூன்று மைல், அனியோ ஆற்றைத் தாண்டி. அகழி வெட்டி முகாம் போட்டார்கள். சாப்பாட்டுக்குத் தேவையானதைத் தவிர எதையும் எடுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, படையே அவர்கள்தானே. ரத்தம் சிந்தாததற்குக் காரணம் மெனெனியஸின் நாவன்மை என்பதைவிட இது என்றே நான் சொல்வேன்.

அதனால்தான் மூன்றாவது முறையும் வாக்குறுதியை வாங்கிக்கொண்டு இறங்க அவர்கள் தயாராக இல்லை. தங்கள் ஆட்களே வகிக்கும் ஒரு பதவியைக் கேட்டு வாங்கினார்கள்: ட்ரிப்யூன். அவர் மேல் கை வைப்பவன் சாபத்துக்குரியவன், அவனைக் கொன்றாலும் குற்றமில்லை என்று கூட்டாகச் சத்தியம் செய்தார்கள். ஒரு குடிமகனை அதிகாரி இழுத்துப் போகும்போது ட்ரிப்யூன் நேரில் வந்து குறுக்கே நிற்பார். நின்றால் போதும், காரியம் நின்றுவிடும். அதற்காகவே அவர் ஒரு முழு இரவுகூட ஊருக்கு வெளியே தங்கக் கூடாது, வீட்டுக் கதவு ராப்பகலாகத் திறந்தே கிடக்க வேண்டும். ஆட்சியில் பங்கு, மந்திரி பதவி என்று எதுவும் அன்றைக்கு அவர்கள் கேட்கவில்லை. தடுக்கும் உரிமையைக் கேட்டார்கள். இதில் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் நீங்கள் சொல்வது போல சண்டை அதோடு தீரவில்லை. எந்தக் கடனுக்காக மலையேறினார்களோ அந்தக் கடன் அப்படியே இருந்தது. வடக்கிலிருந்து படையெடுத்து வந்த கௌல்கள் ரோமைப் பிடித்தபோது கேபிடல் குன்றைக் காப்பாற்றிய மான்லியஸ், பின்னாளில் கடனில் சிக்கிய ஒரு பழைய படைத்தலைவனைத் தன் காசு கொடுத்து மீட்டார். பாட்ரீசியன் ஒருவரே இப்படி ஏழைகள் பக்கம் சாய்ந்தது செனட்டுக்குப் பொறுக்கவில்லை. ராஜாவாகப் பார்க்கிறான் என்று குற்றம் சாட்டி கி.மு. 384-இல் அதே குன்றின் பாறையிலிருந்து உருட்டிவிட்டார்கள்.

ஒற்றுமை பற்றிப் பேசும்போது பிளீபியன்களுக்குள்ளேயே பணக்காரர்கள் இருந்ததை மறந்துவிடுகிறோம். லிசினியஸ், செக்ஸ்டியஸ் என்ற இரண்டு ட்ரிப்யூன்கள் மூன்று சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். கட்டிய வட்டியை அசலில் கழித்து மீதியை மூன்று ஆண்டுத் தவணையில் கட்டலாம். ஒருவர் 500 யூகெராவுக்கு (அன்றைய நில அளவு) மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது. இரண்டு கான்சல்களில் ஒருவர் பிளீபியனாக இருக்க வேண்டும். பாட்ரீசியன்கள் வேறு சில ட்ரிப்யூன்களை வளைத்து, அதே தடையுரிமையால் இதை மறித்தார்கள். லிசினியஸும் செக்ஸ்டியஸும் பதிலுக்குத் தேர்தலையே நடக்கவிடாமல் மறித்தார்கள். இதில் முக்கியமான இடம் என்னவென்றால், ஜனங்களுக்குக் கடனும் நிலமும்தான் வேண்டியிருந்தது. கான்சல் பதவி யாருக்குப் போனால் என்ன என்று இருந்தார்கள். அந்த இரண்டை மட்டும் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பியபோது, எடுத்தால் மூன்றையும் எடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது என்று தலைவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கி.மு. 367-இல் மூன்றும் நிறைவேறின. செக்ஸ்டியஸ் மறு ஆண்டே கான்சல் ஆனார். லிசினியஸ் 357-இல் தன் சட்டத்தின்படியே அபராதம் கட்டினார். மகனைச் சட்டப்படி தனி ஆளாக்கி, இருவர் பேரிலுமாக 1000 யூகெரா வைத்திருந்தாராம். சொந்தச் சட்டத்தில் சந்து கண்டுபிடிப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

இதற்காக அந்தச் சட்டங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழைகளின் கோபம் இல்லாமல் பணக்காரப் பிளீபியனுக்குப் பதவி இல்லை. பதவி ஆசை பிடித்த பணக்காரன் இல்லாமல் அந்தக் கோபத்துக்குச் சட்ட வடிவமும் இல்லை. ஆனால் ஆதாயத்தில் முதல் பங்கு யாருக்குப் போனது என்பது தெளிவாகவே தெரிகிறது. கடனுக்கு ஆளைக் கட்டும் முறையை ஒழித்த போயடீலியஸ் சட்டம், லிவி சொல்லும் கணக்குப்படி, கி.மு. 326-இல்தான் வந்தது. கிழவர் சதுக்கத்தில் முதுகைக் காட்டி ஏறத்தாழ 170 ஆண்டு கழித்து.

கி.மு. 287-இல் கடைசி முறையாக வெளியேறினார்கள். இந்த முறை டைபருக்கு அக்கரையில் இருந்த ஜனிகுலம் குன்றுக்கு. பிளீபியன் சபை போடும் தீர்மானம் பாட்ரீசியன்கள் உட்பட எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்ற ஹார்டென்சியஸ் சட்டம் அப்போது வந்ததால் அதை அரசியல் உரிமைப் போராட்டம் என்றே பாடப் புத்தகங்கள் எழுதும். அவர்கள் கிளம்பிப் போனதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது அப்போதும் கடன்தான்.

அன்புடன்,
ரா.