காட்ஸ் என்றால் பூனை அல்ல

மதிப்பிற்குரிய ஐயா,

ஐந்து ஆண்டுகளாக ஃபிராங்க்ஃபர்ட்டில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். இங்கு வந்த முதல் வாரத்தில், பதிவு அலுவலகத்தில் என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது என்பதால் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் எல்லாம் அப்பாவின் பெயருக்கு முன்னால்தான் 'திரு' இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, இங்குள்ளவர்களின் குடும்பப் பெயர்களைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

சென்ற வாரம் அலுவலக நண்பர் ஒருவர், 'ஸ்டைன்', 'பெர்க்', 'தால்' என்று முடிந்தால் அது யூதப் பெயர் என்றார். முற்காலத்தில் அதிகாரிகள் பெயர்களைக் காசுக்கு விற்றார்கள் என்றும், கொடுத்தவனுக்கு ரோஜாவும் தங்கமும் கிடைத்தன, கொடுக்க முடியாதவனுக்குக் கேலிப்பெயர் கிடைத்தது என்றும் சொன்னார். இது உண்மைதானா? யூதர்களின் பெயர்கள் ஏன் ஜெர்மன் மொழியில் இருக்கின்றன? காட்ஸ் என்றால் பூனை என்கிறார்களே, அதை யார் விரும்பி வைத்துக்கொண்டிருப்பார்கள்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பதிவு அலுவலகத்தில் உங்களிடம் கேட்கப்பட்ட அதே கேள்விதான் ஏறக்குறைய 240 ஆண்டுகளுக்கு முன் மத்திய ஐரோப்பாவின் யூதர்களிடமும் கேட்கப்பட்டது. அவர்களிடம் இயல்பாக இருந்த பதிலும் உங்கள் பதில்தான். அவ்ரகாமின் மகன் மோஷே என்றால் அவர் 'மோஷே பென் அவ்ரகாம்'. அவருடைய மகன் யித்சாக், 'யித்சாக் பென் மோஷே'. 'பென்' என்ற எபிரேயச் சொல்லுக்கு மகன் என்று பொருள். தந்தையின் பெயர் ஒரு தலைமுறையோடு விலகி அடுத்த பெயருக்கு இடம்விடும். நம்முடைய தலைப்பெழுத்து முறையும் இதே வழியில்தான் இயங்குகிறது என்பதால், நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இந்த முறையை அரசாணை ஒன்று முடித்துவைத்தது. 1772-இல் அண்டை நாடுகள் போலந்தைப் பங்குபோட்ட முதல் பிரிவினையில், இன்று தெற்குப் போலந்திலும் மேற்கு உக்ரைனிலும் அடங்கும் கலீசியா ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. அதனுடன் பெரும் எண்ணிக்கையில் யூதர்களும் அந்தப் பேரரசின் குடிகளானார்கள். வரி வசூலிக்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், வழக்குகளைப் பதிவுசெய்யவும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயர்கள் அதிகாரிகளுக்குத் தொல்லையாக இருந்தன. பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787 ஜூலை 23 அன்று பிறப்பித்த ஆணையின்படி, 1788 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு யூதக் குடும்பமும் மாறாத குடும்பப் பெயர் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அது ஜெர்மன் மொழியில் இருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் ஒரு பாதி இது. மறுபாதி, அந்த மக்கள் வீட்டில் பேசிய யிட்டிஷ் மொழியே இடைக்கால ஜெர்மனிலிருந்து கிளைத்து, எபிரேயச் சொற்களையும் ஸ்லாவியச் சொற்களையும் சேர்த்துக்கொண்டு, எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட மொழி என்பது. 'ரோஜா', 'கல்', 'மலை' போன்றவற்றுக்கான ஜெர்மன் சொற்கள் அவர்களுக்கு அயலாக இருக்கவில்லை. உச்சரிப்பு மட்டுமே சற்று வேறாக இருந்தது. இதே போன்ற ஆணைகள் ரஷ்யப் பேரரசில் 1804-இலும், நெப்போலியனின் ஆட்சிப் பகுதிகளில் 1808-இலும், பிரஷ்யாவில் 1812-இலும், போலந்து இராச்சியத்தில் 1821-இலும் வந்தன.

யூதர்கள் அல்லாத ஜெர்மானியர்களின் பெயர்கள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை அல்ல. நகரங்கள் பெருகிய 12ஆம் நூற்றாண்டிலிருந்து, அண்டை வீட்டார் ஒருவரை எப்படிக் குறிப்பிட்டார்களோ அதுவே மெல்ல மெல்லப் பெயராக இறுகியது. மாவு அரைத்தவர் முல்லர், கொல்லர் ஷ்மிட், வண்டி செய்தவர் வாக்னர். தையற்காரர் தெற்கே ஷ்னைடர் ஆகவும் வடக்கே பல இடங்களில் ஷ்ரோடர் ஆகவும் நின்றதால், ஒரு பெயரைக் கேட்டே அந்தக் குடும்பத்தின் பழைய வட்டாரத்தை ஓரளவு ஊகிக்க முடியும். ஆனாலும் அரசாணையால் பெயர் பெற்றவர்கள் யூதர்கள் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். வடகடல் ஓரத்து ஃப்ரீசியர்களும் தந்தை பெயரைச் சுமந்தே வாழ்ந்தவர்கள். நெப்போலியனின் 1811 ஆணை அவர்களையும் நிலையான பெயருக்குக் கட்டாயப்படுத்தியது.

இனி, பெயர் விற்ற கதை. இதைப் பெரிதும் பரப்பியவர் கார்ல் எமில் ஃப்ரான்ஸோஸ் என்ற எழுத்தாளர். அவர் இதை எழுதியது 1880-இல், அதாவது ஆணை வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு. கலீசியாவில் இழிவான பெயர்கள் சில உண்மையிலேயே பதிவாகியிருக்கின்றன. ஒரு குடும்பத்தின் தலையில் அத்தகைய பெயரைக் கட்டிய எழுத்தரின் கொடுமையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அவை மொத்தத்தில் சிறு பங்குதான். அழகிய பெயர்களுக்கு விலைப்பட்டியல் இருந்தது என்பதற்கு ஆவணச் சான்று இல்லை என்பதே, கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களை ஆவணக் காப்பகங்களில் தேடித் தொகுத்த அலெக்சாண்டர் பைடர் போன்ற ஆய்வாளர்களின் முடிவு. ரோசன்தால், கோல்ட்ஸ்டைன் போன்ற பெயர்களைப் பரம ஏழைகளும் ஏராளமாகத் தாங்கியிருந்தார்கள். ஒரே காலக்கெடுவுக்குள் ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதித் தீர்க்க வேண்டிய அலுவலகம், ரோஜா, தங்கம், அத்தி மரம், விடிவெள்ளி என்று காதுக்கு இனிய சொற்களை மலையோடும் (பெர்க்) கல்லோடும் (ஸ்டைன்) பள்ளத்தாக்கோடும் (தால்) இணைத்து எழுதிக்கொண்டே போயிருக்கிறது. இலஞ்சக் கதையைவிட இந்த விளக்கத்தில் சுவை குறைவு. ஆனால் பதிவேடுகள் இதைத்தான் காட்டுகின்றன.

இந்தக் கதை மறைத்துவிடும் ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எல்லாப் பெயர்களையும் எழுத்தர் கொடுக்கவில்லை; தங்கள் தெருவில் ஏற்கெனவே புழங்கிய பெயரையே பதிவேட்டில் ஏற்றியவர்கள் மிகப் பலர். அவற்றில் தாயின் பெயரால் அமைந்தவை ஒரு பெரிய கூட்டம். ரிவ்காவின் வழி ரிவ்கின், சோராவின் வழி சோர்கின், த்வோராவின் வழி த்வோர்கின். பெர்ல் என்ற பெண்ணின் கணவர் பெர்ல்மன், எஸ்தரின் கணவர் எஸ்தர்மன். இன்றைய பெலாரஸின் கிழக்குப் பகுதியில் இத்தகைய பெயர்கள் மிகுதி. சந்தையில் கடை போட்டு, கணக்குப் பார்த்து, ஊரோடு பேசிப் பழகியவள் பல வீடுகளில் தாய்தான் என்பதால், பிள்ளையை 'ரிவ்காவின் மகன் யாங்கல்' என்று தெரு அழைத்திருக்கிறது. குடும்பத் தலைவனின் பெயரைக் கேட்ட ஓர் அரசுக்கு, அம்மாவின் பெயரைச் சொல்லி அதையே சட்டமாக்கிக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்தப் பெண்களைத் தங்கள் கடவுச்சீட்டில் சுமக்கிறார்கள். அந்தப் பெண்களைப் பற்றி வேறு எந்த எழுத்தும் மிஞ்சவில்லை என்பதை நினைத்தால், ரிவ்கின் என்ற பெயரை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

காட்ஸுக்கு வருகிறேன். ஜெர்மனில் 'காட்ஸெ' என்றால் பூனை என்பது சரிதான். இந்தக் காட்ஸ் அது அல்ல. 'கோஹேன் த்ஸெதெக்', அதாவது நேர்மையான குரு, என்ற எபிரேயத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வருவது காட்ஸ். ஆரோனின் வழிவந்த குருமார் குலம் தன் மரபைக் குறித்துக்கொண்ட சுருக்கெழுத்து அது. கேட்பவருக்கு ஜெர்மன் சொல்லாகவும், அறிந்தவருக்கு எபிரேயமாகவும் ஒலித்ததால், அரசாணையின் கண்ணில் படாமல் பழைய அடையாளம் உள்ளேயே தங்கிவிட்டது. ஆலயப் பணிக்கு உரிய லேவியர் குலத்தின் ஸேகல் என்ற பெயரும் இவ்வகைச் சுருக்கமே. மையர் என்ற பெயரிலும் இந்த இரட்டை உண்டு: ஜெர்மன் கிறிஸ்தவர் ஒருவரிடம் அது பண்ணையின் காரியக்காரரைக் குறிக்கும் சொல், யூதர் ஒருவரிடம் பெரும்பாலும் 'ஒளி தருபவர்' என்று பொருள்படும் மெயிர் என்ற எபிரேய இயற்பெயர்.

ஊர்ப் பெயர்கள் பலவும் ஆணைக்கு முன்பே குடும்பப் பெயர்களாக நிலைத்தவை. ரைன் நதிக்கரையின் ஒப்பன்ஹைம் நகரத்தார் ஒப்பன்ஹைமர். இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவின் ஹொர்ஷொவிட்ஸெ ஊரிலிருந்து பரவியவர்கள் ஹொரோவிட்ஸ். ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலி இல்லாததால், அதே குடும்பம் கிழக்கே போனபோது குரேவிச் ஆனது.

காரல் மார்க்ஸின் பெயரை நம் ஊரில் அறியாதவர் இல்லை. அதன் வரலாறும் இங்கே பொருந்தும். அவருடைய பாட்டனார் ட்ரியர் நகரில் யூத மதகுருவாக இருந்தவர். மொர்தெகாய் என்ற எபிரேய இயற்பெயரின் அன்றாட வடிவமாக மார்க்ஸ் லெவி என்று அழைக்கப்பட்டவர். லெவி என்ற குலப்பெயர் உதிர்ந்து, தாத்தாவின் இயற்பெயரே குடும்பப் பெயராக நின்றது. உங்கள் அப்பாவின் பெயர் உங்கள் பிள்ளைகளுக்கும் தொடருமானால், உங்கள் வீட்டிலும் அதுவே நடந்திருக்கும்.

பெயரின் முடிவைக் கேட்டு ஒருவர் யூதரா என்று சொல்லிவிடலாம் என்பதை, தயவுசெய்து, நம்பாதீர்கள். பிறர் சொல்லும்போதும் மறுத்துச் சொல்லுங்கள். நாஜிக் கட்சியின் யூத வெறுப்புக் கொள்கையை வகுத்தவர்களில் முதன்மையானவரின் பெயர் ஆல்ஃபிரட் ரோசன்பெர்க். அவர் யூதர் அல்லர். பெயரைக் கொண்டு யூதரைப் பிரித்தறிய முடியாது என்பதற்கு அந்த ஆட்சியே சாட்சி. முடிந்திருந்தால் 1938 ஆகஸ்ட் 17 அன்று அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டிருக்காது. யூதருக்கு உரியது என்று அரசு பட்டியலிட்ட இயற்பெயர் இல்லாத ஒவ்வொரு யூத ஆணும் 'இஸ்ரயேல்' என்பதையும், பெண்ணும் 'ஸாரா' என்பதையும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது அந்த ஆணை. அது 1939 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 1788-இல் மற்றவர்களைப் போல் ஜெர்மன் பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு, 151 ஆண்டுகள் கழித்து, மற்றவர்களிலிருந்து வேறாகத் தெரியும் பெயர் கட்டாயமாக்கப்பட்டது.

நீங்கள் இருக்கும் நகரத்திலேயே இவை அனைத்தையும் கண்ணால் பார்க்கலாம். 1462-இல் ஃபிராங்க்ஃபர்ட் யூதர்கள் 'யூடன்காஸெ' என்ற ஒரே தெருவுக்குள் ஒதுக்கப்பட்டார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னம் இருந்தது. வீட்டின் சின்னமே குடும்பத்தின் பெயரானது. 16ஆம் நூற்றாண்டில் சிவப்புக் கேடயச் சின்னம் கொண்ட வீட்டில் வாழ்ந்தவர்கள் ரோத்ஷில்ட். பின்னர் வேறு வீட்டுக்குக் குடிபோன பிறகும் பெயர் கூடவே சென்றது. கருப்புக் கேடயத்து வீட்டார் ஷ்வார்ட்ஷில்ட். கருந்துளைகளைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் சொல்லும் 'ஷ்வார்ட்ஷில்ட் ஆரம்', 1873-இல் உங்கள் நகரில் பிறந்த கார்ல் ஷ்வார்ட்ஷில்டின் பெயரைக் கொண்டது.

அந்தத் தெருவின் ஐந்து வீடுகளின் அடித்தளங்கள் இன்று ஓர் அருங்காட்சியகத்துக்குள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அதை ஒட்டிய பழைய யூத இடுகாட்டில் நான் ஒரு பிற்பகலைக் கழித்திருக்கிறேன். சாய்ந்தும் புதைந்தும் நிற்கும் மணற்கற்களில், எபிரேய எழுத்துக்கு மேலே வீட்டுச் சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது. கீழே பொறித்திருப்பதோ இன்னாரின் மகன் இன்னார் என்ற பழைய முறையில்தான். இன்றும் தொழுகைக்கூடத்தில் யூத வேதமான தோராவை வாசிக்க ஒருவரை அழைக்கும்போது, அவர் ரோசன்தாலாக இருந்தாலும் காட்ஸாக இருந்தாலும், தந்தையின் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள்.

இடுகாட்டின் வெளிச்சுவரில், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட யூதர்களுக்காக, ஆளுக்கொன்றாகச் சிறு உலோகக் கட்டிகள் பதிக்கப்பட்டுள்ளன. அவை 11,000-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வருபவர்கள் அவற்றின் மேல் கூழாங்கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். வேலை முடிந்து ஒரு மாலையில் அந்தச் சுவரை ஒட்டி நடந்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். எது ஊர், எது வீட்டுச் சின்னம், எது எந்தத் தாயின் பெயர் என்று இப்போது உங்களுக்கே ஓரளவு தெரியும்.

அன்புடன்.