எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, கட்டைவிரல் அடியில் மட்டும் வலி

பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுந்த உங்கள் தம்பிக்கு, முதல் நாள் எக்ஸ்ரே சரி என்றதும் 'சுளுக்கு' என்று அனுப்பிவிட்டார்கள்; 10 நாளாகியும் வலி போகவில்லை என்கிறீர்கள். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் ஒன்றான படகெலும்பை (ஸ்கேஃபாய்டு) முதலில் சந்தேகிக்க வேண்டும். இதில் விழும் மயிரிழை விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம்.

கட்டைவிரலை நிமிர்த்தி விரிக்கச் சொல்லுங்கள். அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அதை விரல் நுனியால் அழுத்துங்கள்; மற்ற கையிலும் அழுத்தி ஒப்பிடுங்கள், ஏனென்றால் நல்ல கையிலேயே அங்கே லேசாக வலிக்கும். அடிபட்ட கையில் மட்டும் சுள்ளென்றால் எலும்பு மருத்துவரிடம் போய், 'ஸ்கேஃபாய்டு வியூ' (இந்த எலும்பு தெளிவாகத் தெரியும் கோணம்) எக்ஸ்ரே திரும்ப எடுக்க முடியுமா என்று கேளுங்கள். 10 முதல் 14 நாளில் விரிசல் ஓரம் கரைந்து கோடு தெரிய ஆரம்பிக்கும். அப்போதும் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ.

ஏன் இத்தனை அவசரம்? இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து நுழைந்து முன்கைப் பக்கம் பின்னோக்கி ஓடுகிறது. எலும்பின் நடுவில் (அதன் 'இடுப்பு' என்பார்கள்) முறிந்தால் முன்கைப் பக்கத்துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகலாம். ஒட்டாமல் விட்டால் பிற்பாடு மூட்டுத் தேய்மானம்தான். துண்டுகள் விலகாத நடு முறிவுக்கு மாவுக்கட்டு 8 முதல் 12 வாரம், விலகியிருந்தால் ஸ்க்ரூ.

மருத்துவரைப் பார்க்கும்வரை கிரேப் பேண்டேஜ் போதாது, கட்டைவிரலையும் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் வாங்குங்கள். எண்ணெய் போட்டு உருவுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். விரல் மரத்துப்போனால் அன்றே காட்டுங்கள்.