பழைய வீட்டுச் சுவரில் ஓதம்: ரசாயனம் ஏற்றச் சொல்கிறார்களா?

கேள்வி: இங்கிலாந்தில், கென்ட் பகுதியில் 1840-களில் கட்டிய வீட்டைப் போன வருடம் வாங்கினோம். கிரேடு 2 பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடு. முன் அறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உரிந்து உப்புப் பூத்திருக்கிறது. மாடியில் கணப்புச் சுவரிலும் பழுப்புத் திட்டு. இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வந்த நிறுவனத்தார் இரண்டு முள் கருவியால் சுவரைக் குத்திப் பார்த்துவிட்டு, ஓதம் மேலேறாமல் தடுக்கச் சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும், பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூச வேண்டும் என்றார்கள். 6,800 பவுண்டு, 20 ஆண்டு உத்தரவாதம். நான்கு நாள் முன்பு வீட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டு, கிரெடிட் கார்டில் முன்பணமும் கட்டிவிட்டோம். சரியா?

பதில்: வேலையை உடனே நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள் 14 நாள் தருகின்றன. இன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் தர இழுத்தடித்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் கேளுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள வேலைக்கு 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கிக்கும் பொறுப்பு உண்டு.

அவசரம் ஏன் என்றால், இது பட்டியலில் உள்ள வீடு. முகப்பை மாற்றாமல் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியலில் உள்ள வீட்டுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு உள்பக்கத்துக்கும் சேர்த்துத்தான். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுக்கப் பெரும்பாலும் கவுன்சிலின் அனுமதி வேண்டும். தேவைப்படும் அனுமதி இல்லாமல் செய்வது பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழையபடி மாற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்பக் காலக்கெடுவும் கிடையாது. வீட்டை விற்றால் அந்தத் தலைவலி வாங்குபவருக்குப் போகும், அவருடைய வக்கீல் அதைக் கேட்காமல் விடமாட்டார். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. கவுன்சிலில் பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம் முதலில் பேசிவிடுங்கள்.

சரி, ஓதத்துக்கு வருவோம். அந்த நிறுவனத்தார் சுவரில் குத்திப் பார்த்த இரண்டு முள் கருவி மரத்தின் ஈரத்தை அளக்கச் செய்தது. உப்பேறிய பழைய செங்கல்லில் வைத்தால், ஈரம் குறைவாக இருந்தாலும் எண்ணை ஏற்றிக் காட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. முதலில் அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே போய், அந்தச் சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாய் இருந்தால் அதன் பின்பக்கத்தைத் தடவுங்கள். முன்பக்கம் பெயின்ட் பளபளப்பாக இருக்கும், சுவரை ஒட்டிய பின்பக்கம் துருப்பிடித்து வெடித்திருக்கும். அங்கே செங்கல்லில் பச்சைப் பாசி படிந்திருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அடுத்து தரைமட்டம். யாராவது கல் பாவி வெளித்தரையை உயர்த்தியிருக்கிறார்களா? அது வீட்டின் உள்தரையைவிட 150 மில்லிமீட்டராவது தாழ்ந்திருப்பது நல்லது.

அந்தக் காலத்துச் சுவர் நடுவில் இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர், பொதுவாக 9 அங்குலம். செங்கல்லும் சுண்ணாம்பும் மழையில் ஈரத்தை வாங்கி, வெயிலிலும் காற்றிலும் விட்டுவிடும். வெளியே செங்கல் இடுக்குகளில் சிமென்ட் பூச்சு (பாயின்டிங்), உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் என்று இரண்டு பக்கமும் அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். மேலும் சிமென்ட் பூசுவது ஓதத்தை மூடி வைக்கும், போக்காது.

கணப்புச் சுவர்க் கறை வேறு கதை. பல காலம் நிலக்கரி எரித்த புகையின் உப்புகள் செங்கல்லில் ஊறியிருக்கும். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், மழை இல்லாத புழுக்கமான நாளிலும் திட்டு கருக்கும். புகைபோக்கி உச்சியில் மழை இறங்குகிறதா, அடைத்த கணப்பில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

குழாயையும் தரைமட்டத்தையும் சரிசெய்த பிறகு பொறுமை வேண்டும். ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. உங்கள் சுவருக்கு முக்கால் வருடமாவது ஆகும். அதற்குள் பூச்சு, பெயின்ட் எதுவும் வேண்டாம். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை.

யாரைக் கூப்பிடுவது? ரசாயனம் விற்காதவரை. பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள தனி சர்வேயருக்குக் காசு கொடுத்து அறிக்கை வாங்குங்கள், அந்தப் பணம் வீண்போகாது. 1877-இல் வில்லியம் மாரிஸ் முதலானோர் தொடங்கிய ஸ்பாப் என்ற பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. அந்த 20 ஆண்டு உத்தரவாதத்தின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். குழாய்க் கசிவும், காற்றின் ஈரம் சுவரில் படிவதும் அதில் பெரும்பாலும் அடங்காது.

கேள்வி: அலமாரிக்குப் பின்னால் குளிர்காலத்தில் மட்டும் கரும்பூசணம் வருகிறது. ஈரம் உறிஞ்சும் மின்கருவி வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த இடத்தில் ஒரு அலுமினியத் தாளைச் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். அறைப் பக்கம் நனைந்தால் வீட்டுக்குள் உண்டாகும் ஈரம். சோறு வடிக்கும் ஆவி, வீட்டுக்குள் உலர்த்தும் துணி எல்லாம் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகின்றன. அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போட்டு, சமையலறை விசிறியைச் சமைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பிறகும் தேவைப்பட்டால் கருவி வாங்கலாம். சூடேற்றாத குளிர் அறைக்கு, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் டெசிகன்ட் வகை நன்றாக வேலை செய்யும், ஆனால் மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும். சூடேற்றும் அறைக்கு, ஃபிரிட்ஜ் போலக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கும் கம்பிரசர் வகை போதும். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் கருவி வாங்க வேண்டாம். மேலே சொன்ன குழாயையும் தரைமட்டத்தையும் போய்ப் பாருங்கள்.