எம்.2 எஸ்எஸ்டியைப் பொருத்தியும் பயோஸில் தெரியவில்லை

புதிதாகக் கட்டிய கணினியில் எம்.2 எஸ்எஸ்டியை (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் மெல்லிய சேமிப்பகத்தை) பொருத்தியும், கணினி தொடங்கும்போது பாகங்களைக் கண்டறியும் பயோஸில் அது தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எஸ்எஸ்டி பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. எம்.2 எஸ்எஸ்டிகளில், கணினியோடு தரவைப் பரிமாறும் முறையைப் பொறுத்து, முக்கியமாகச் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகைகள் உண்டு. நீங்கள் வாங்கியது சாட்டா வகை எம்.2 ஆகவும், மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) நீங்கள் செருகிய இடம் என்விஎம்இ வகையை மட்டும் ஏற்பதாகவும் இருக்கக்கூடும். இரண்டுமே பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை என்பதால், திருகு சரியாக உட்கார்ந்தும் பயோஸில் பெயர் வராமல் போகிறது.

மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு எஸ்எஸ்டியைக் கழற்றி, தங்க நிற முனையைப் பாருங்கள். இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒன்றே இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. ஆகவே லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தேடி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சாட்டாதான் என்று தெரிந்தாலும், கடையில் மாற்றுவதற்காகச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பஸ் ஏறுவதற்கு முன், மதர்போர்டு கையேட்டில் இரண்டாவது எம்.2 செருகுவாய் சாட்டாவை ஏற்கிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் ஏற்கும், அப்படியானால் செலவே இல்லை. ஆனால் அதைப் பயன்படுத்தும்போது சில போர்டுகளில், ஹார்ட் டிஸ்க் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்று செயலிழந்துவிடும். குடும்பப் படங்கள் இருப்பதாக நீங்கள் எழுதிய பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமற்போனால் பதற வேண்டாம். அதன் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.